கேட்டு வாங்கிப் போன குஷன்

கணபதி,
கோயம்புத்தூர் - 6.
24-6-96

மதிப்பிற்குரிய மச்சான் ஆறுச்சாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் திருமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே உடம்பைப் பொறுத்தவரை நான், தங்கள் தங்கை ராமாமணி, மகள் அன்புக்கரசி மூன்று பேரும் சௌக்கியம். உடுப்பைப் பொறுத்தவரை நான் சௌக்கியமாக இல்லை. பாவாத்தாள் அக்காவின் முழங்கால் வலி தேவலையா, அமராவதியில் தண்ணீர் விட்டார்களா, சினை மாடு கன்று போட்டதா என்பதையெல்லாம் முறைப்படி ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டியவன்தான். விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது அதற்குப் பொறுமை இல்லை.

விஷயம் இதுதான். தை மாதம், "சும்மா துருப்புடிச்சுக் கெடக்குது, தங்கச்சிக்கு ஆகும்" என்று தாராபுரத்திலிருந்து லாரியில் ஏற்றி அனுப்பினீர்களே ஒரு தையல் மெஷின், அதை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் தாங்களே வந்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். நான் ஏதோ கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் கோபத்தில்தான் எழுதுகிறேன். பம்ப் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் நான். ஒரு வாஷர் வெளியே போக வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும், சீட்டு இல்லாமல் முதலாளியே வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன். அப்பேர்ப்பட்டவன் வீட்டில், நான் கடை வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் கொடியில் காய்ந்த வேட்டி இரண்டு தலையணை உறையாகவும் ஒரு மாவு சலிக்கிற துணியாகவும் ஆகிக் கிடக்கிறது. சீட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை, என்னை ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

எல்லாம் பக்கத்து வீதி கிருபா டீச்சரால் வந்தது. பழைய துணியில் புதிய பொருள் செய்வது எப்படி என்று அந்தம்மா வாரம் இரண்டு நாள் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். தங்கமான மனுஷி, அதனால் மனசுக்குள் கூடத் திட்ட முடியவில்லை. அங்கே போய்விட்டு வந்து தங்கள் தங்கை முதன்முதலில் ஒரு கிழிந்த போர்வையை வெட்டி இரண்டு கால்மிதி தைத்துக் காட்டினாள். முதல் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். "நல்லாருக்குது அம்மணி" என்று சொல்லிவிட்டேன். நம் பக்கத்தில் யார் எதைக் காட்டினாலும் நல்லாருக்குதுங்க என்றுதானே சொல்வோம், வேகாத சோற்றைப் போட்டாலும் அதைத்தானே சொல்லிவிட்டு எழுந்து வருவோம். அது ஒரு மரியாதைக்குச் சொல்வது. உங்கள் தங்கை அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் என் காக்கி பேன்ட் ஒன்றை இடுப்போடு வெட்டி, அடியைச் சேர்த்துத் தைத்து, கால் துணியில் இரண்டு காது வைத்துக் காய்கறிப் பை ஆக்கிவிட்டாள். ஜிப்பு வீணாகக் கூடாதாம், அதை அப்படியே முன்பக்கம் விட்டுவிட்டாள். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நான் மார்க்கெட்டுக்குப் போனேன். தக்காளிக்காரம்மா தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போடுவதென்று தெரியாமல் நிற்கிறது. பஸ் ஸ்டாப்பில் என்னோடு வேலை பார்த்த அக்பர் அலி பையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது நீங்க ஆயுத பூசைக்குப் போட்டுட்டு வந்த பேன்ட் தானுங்களே" என்று அடையாளம் சொன்னார். பை தாங்கும் மச்சான், அதில் குறை சொல்ல மாட்டேன். பத்து கிலோ போட்டாலும் தையல் விடவில்லை. ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

ஒரு நாள் குளித்து முடித்துத் துண்டு கேட்டேன். கதவிடுக்கில் கை வந்தது, கையில் நாலு சதுரத் துணி. "அடுப்புல சட்டி எறக்கறதுக்குன்னு தெச்சுப்போட்டனுங்க, நாலையும் வெச்சுத் தொடச்சுக்கோங்க" என்கிறாள். அன்றையிலிருந்து என் நல்ல வேட்டி நாலையும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்திருக்கிறேன். இப்போது டி.வி. என் நீலக் கட்டம் போட்ட லுங்கியைக் கட்டிக்கொண்டிருக்கிறது. மிக்ஸிக்கு என் பனியன், கிரைண்டருக்கு ஜன்னல் திரை, ஜன்னலுக்கு உங்கள் தங்கையின் சேலை, கேஸ் சிலிண்டருக்குச் சுருக்கு வைத்த உள்பாவாடை. இந்த வீட்டில் உடுத்திக்கொள்ளத் துணி தேடுகிற ஆள் நான் ஒருவன்தான்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். பங்குனியில் தாம்பூலப் பைகள் மேல் கை வைத்தாள். கல்யாண வீடுகளில் தேங்காய் பழம் போட்டுக் கொடுப்பார்களே மஞ்சள் துணிப்பை, மணமக்கள் பேர், ஊர், தேதி எல்லாம் அச்சடித்தது. எல்லோர் வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் பரண் நிறைய இருந்தது. நாங்கள் போன கல்யாணத்துப் பை போக, அடுத்தவர் போன கல்யாணத்துப் பையும் காய், பலகாரம் என்று எதையாவது சுமந்துகொண்டு வந்து சேர்ந்துவிடுகிறதே. அத்தனையையும் பிரித்து, உள்ளே என் பழைய சட்டைத் துணுக்குகளை அடைத்து, சோபாவுக்கு ஒரு டஜன் குஷன் தைத்துவிட்டாள். எழுத்தை உள்பக்கம் மடக்கித் தைக்கக் கூடாதா என்று கேட்டால், அதுதான் டிசைனாம். சோபாவில் சாய்ந்தால் முதுகுக்குப் பின்னால் யாரோ இரண்டு பேருக்குக் கல்யாணம் நடக்கிறது. முதல் வாரம் படித்துப் பார்த்தோம், அப்புறம் பழகிப்போய் யாரும் படிப்பதில்லை.

இனிமேல்தான் நெஞ்சு வலிக்கிற கதை. அன்புக்கரசிக்கு இருபத்தாறு நடக்கிறது. மூன்று இடம் கிட்டத்தில் வந்து தட்டிப்போனது தங்களுக்குத் தெரியும். வைகாசியில் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து இந்த இடம் வந்தது. பையன் பெயர் சுரேந்தர், அப்பாவோடு சொந்தமாக லேத் பட்டறை. நாலு இடத்தில் விசாரித்தேன், நாலு பேரும் நல்ல சனமுங்க என்றார்கள். கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், நம் வழக்கப்படி 16-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அக்காவை வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்ததால் தாங்கள் வர முடியாமல் போனது. அன்று காலையில் ராமாமணியிடம் கெஞ்சினேன். இந்த ஒரு நாளைக்கு மட்டும் இந்தச் சமாச்சாரங்களையெல்லாம் எடுத்து மறைத்து வைத்துவிடு, அவர்கள் போனதும் நானே திரும்ப மாட்டி விடுகிறேன் என்றேன். "நாஞ் செஞ்சதை நானே ஒளிச்சு வெக்கோணுமாங்க?" என்று கேட்டாள். குரலில் வருத்தம் இருந்தது, எனக்கு அதைக் கவனிக்க நேரம் இல்லை. டி.வி.யின் லுங்கியையும் சிலிண்டரின் பாவாடையையும் அவிழ்த்துப் பரணில் எறிந்தேன். குஷனுக்குக் கை போகும்போது வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

பையன் வரவில்லை, பட்டறையில் அவசர வேலையாம். அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அந்தம்மாள் பேர் சின்னாத்தாள். வந்ததும் என்ன சிரிப்பு, என்ன மரியாதை. "எங்க ஊட்டுல இதுதானுங்க மொதக் கல்யாணம், ஒத்தைப் பையன், நல்லாச் செஞ்சுபோடோணுங்க" என்று சொல்லிக்கொண்டே சோபாவில் உட்கார்ந்து, முதுகில் உறுத்திய குஷனை எடுத்து மடியில் வைத்தார். குனிந்து பார்த்தார். அவ்வளவுதான், முகம் கறுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தார். அவரும் குனிந்து பார்த்தார், கையில் எடுத்த கச்சாயத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து, காபிக்குப் பால் காய்ந்துகொண்டிருக்கிறது, அவர்கள் அவசர வேலை என்று எழுந்துவிட்டார்கள். போகும்போது அந்தம்மாள் குஷனை விடவில்லை. "ரொம்ப நல்லாருக்குதுங்க, நான் எடுத்துட்டுப் போகட்டுங்களா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை, தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னாள். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

புதன்கிழமை தரகர் வந்தார். இடம் ஒத்து வரவில்லையாம், காரணம் கேட்க வேண்டாமாம். காரணம் எதற்குக் கேட்க வேண்டும், எனக்குத் தெரியாதா? பெண்ணெடுக்க வந்தவர்களை ஊரார் வீட்டுக் கல்யாணப் பையில் சாய வைத்தால் எவன் பெண்ணெடுப்பான்? சொந்தபந்தத்திடம் காட்டிச் சிரிக்கத்தான் அந்தம்மாள் குஷனைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறார். அன்று நான் ராமாமணியிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "உன்ற மெஷினு என்ற புள்ளை கல்யாணத்தையே வெட்டிப்போட்டுது" என்றேன். வீட்டில் உறை போடாமல் இருந்தது அந்த மெஷின் ஒன்றுதான். அதன் மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தி மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் இன்று வரை மெஷினும் ஓடவில்லை, அவள் வாயும் திறக்கவில்லை. அன்புக்கரசி "உடுங்கப்பா, பரவால்லீங்க" என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் சென்டருக்கு வேலைக்குப் போகிறாள். முகம் கழுவி, பவுடர் போட்டும் கண் சிவந்திருப்பது தெரிகிறது. பெற்றவனுக்கு அது தாங்கவில்லை மச்சான். என் வேட்டி போகட்டும், துண்டு போகட்டும், பிள்ளை வாழ்க்கை துணுக்குத் துணுக்காகப் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவும். வாசல்படி வரை இறக்கி வைக்க நான் ஆள் சொல்லி வைக்கிறேன். கத்தரிக்கோலையும் சேர்த்து எடுத்துப் போகவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரன் பேத்திகளுக்கு என் ஆசி. தங்கள் தோட்டம் துரவு, மாடு கன்று எல்லாம் பெருகி, தங்கள் வேட்டி துண்டு எல்லாம் முழுசாக இருக்க வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள,
திருமூர்த்தி

பின்குறிப்பு: மச்சான், மெஷினை எடுக்க வர வேண்டாம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கோந்து எடுக்க எழுந்தேன். நாற்காலியில் இவ்வளவு நேரம் நான் உட்கார்ந்து எழுதியதும் ஒரு குஷன் மேல்தான். மாசியில் தாங்கள் முருங்கைக்காய் கொடுத்தனுப்பினீர்களே, ஒரே மாதிரி இரண்டு பையில், அதில் ஒன்று. மற்றொன்றைத்தான் அந்தம்மாள் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். அச்சு கொஞ்சமும் அழியவில்லை. பெரியநாயக்கன்பாளையம் லேத் பட்டறை இன்னார் மகன் சுரேந்தருக்கும், தங்கள் ஊர்ப் பெண் பூவாத்தாளுக்கும் 94-ஆம் வருஷம் தை மாதம் தாராபுரத்தில் கல்யாணம். தாங்களும் அக்காவும் பெண் வீட்டு அழைப்பில் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பை வாங்கி வந்திருக்கிறீர்கள், மாப்பிள்ளை பேர் தங்களுக்கு நினைவில் இருந்திருக்காது. இரண்டாம் கல்யாணம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அது வேறு, கலந்து பேசியிருப்போம். மறைத்துவிட்டு மொதக் கல்யாணமுங்க என்று என் வீட்டில் உட்கார்ந்து சொல்ல என்ன நெஞ்சழுத்தம் வேண்டும். நான் விசாரித்த நாலு பேரும் மரியாதைக்காக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். அந்தப் பெண் பூவாத்தாள் இப்போது எங்கே, எப்படி இருக்கிறது என்று உடனே விசாரித்து எழுதுங்கள், எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

ராமாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் நேராத்தானுங்க இருக்குது?" என்று கேட்டாள். ஐந்து நாளைக்கப்புறம் பேசிய முதல் பேச்சு. அன்புக்கரசி விழுந்து விழுந்து சிரித்தாள், அப்புறம் கொஞ்சம் அழுதாள், அப்புறம் அவளே போய் மெஷின் மேல் போர்த்திய சேலையை எடுத்தாள். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து நல்ல வேட்டியில் ஒன்றை எடுத்து மெஷின் மேல் வைத்தேன். மன்னிப்பு என்று வாயால் கேட்டுப் பழக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். வரும்போது தங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிற தாம்பூலப் பைகளை ஒன்று விடாமல் மூட்டை கட்டிக்கொண்டு வரவும். ஆவணியில் உடுமலைப் பக்கமிருந்து ஓர் இடம் வீடு பார்க்க வருகிறார்கள்.