எல்லா நாய்களும் என் பெயரில்

ஆயர் ஈத்தாம் ரப்பர் தோட்டம்,
1932, ஐப்பசி மாதம்.

பத்து பாகாட் ஜவுளிக்கடை வீரமுத்து மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சந்திரமதியின் கணவனும் இத்தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியுமாகிய சபாபதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை, ஆகவே நலம். அவ்விடத்து நலம் இவ்விடம் போல ஆகிவிடாமல் இறைவன் காப்பானாக.

மச்சான், உங்கள் கடையில் எனக்கு ஒரு வேலை வேண்டும். கணக்கு எழுத ஆள் இருக்கிறார் என்றால் துணி மடிக்கிறேன். அதற்கும் ஆள் இருந்தால் வாசலில் நின்று வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்கிறேன். சம்பளப் பிடித்தம் என்ற சொல் காதில் விழாத இடமாக இருந்தால் போதும்.

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து இங்கே கூலியைக் குறைத்துவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பிடித்தம் மட்டும் குறையவில்லை. அரிசிக்கு, கருவாட்டுக்கு, கோயிலுக்கு, நாவிதருக்கு, வண்ணாருக்கு என்று நான் கழித்துக்கொண்டே வந்தால், சம்பள மேசைக்கு முன்னால் நிற்கிறவர் கையில் மிச்சத்தை வைக்க எனக்கே கூசும். இந்த லட்சணத்தில், வட்டாரத்தில் வெறிநாய் பயம் என்று சொல்லி நாய் வரி வேறு வந்து சேர்ந்தது. வரி கட்டிய நாய்க்குக் கழுத்தில் பித்தளை வில்லை, கட்டாத நாய்க்குச் சனிக்கிழமை துப்பாக்கி. துரை என்னைக் கூப்பிட்டுப் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தார். சம்பளத்தில் பிடித்த வரியைக் கொண்டுபோய்க் கட்டுவது தோட்டத்தின் பொறுப்பு. நாய் என்னுடையது என்று ஒப்புக்கொண்டு கைநாட்டு வைப்பது கூலியின் பொறுப்பு. இரண்டில் எது குறைந்தாலும் கிராணியின் பொறுப்பு. கைநாட்டு இல்லாமல் பிடித்தால் ஆட்கள் லேபர் ஆபீசுக்குப் போய் என்மேல் புகார் கொடுப்பார்கள், பிடிக்காமல் விட்டால் துரை என் சம்பளத்தில் கை வைப்பார்.

கூலிகளின் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போய்க் கேட்டேன். மச்சான், இந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் நாய் கிடையாது. குரைத்துத் துரத்தி என்னை வேட்டியோடு சாக்கடையில் தள்ளிய நாய்கூட யாருடையதும் இல்லை. கங்காணி ஐயாசாமியின் வீட்டு வேலியில் ஒன்று கட்டிக் கிடந்தது. கேட்டால், கயிறுதான் தன்னுடையது, நாய் அதுவாக வந்து மாட்டிக்கொண்டது என்கிறார்.

துரைக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், பேர் கூப்பிட ஆட்கள் வரிசையாக நிற்கும்போது, நாய்களையெல்லாம் அவிழ்த்துவிடச் சொன்னார். எது யாரிடம் போகிறதோ அவரே சொந்தக்காரர் என்பது அவருடைய தீர்ப்பு. ஆட்கள் மூச்சு விடாமல் மரமாக நின்றார்கள். நாய்கள் கொஞ்சம் தயங்கின, பிறகு மொத்தமாக என்னை நோக்கி ஓடி வந்தன. ஆட்களுக்கெல்லாம் கருவாடு நிறுத்துக் கொடுக்கிறவனின் கோட்டு வாசனை அவற்றுக்குத் தெரியாதா, என்ன? துரையின் பங்களா நாயும் வந்து என் கோட்டுப் பைக்குள் மூக்கை நுழைத்தது. "கிராணி, எல்லாம் உன் நாய்," என்று துரை சொல்லிவிட்டார், சிரித்தார் வேறு.

என்னுடையவை அல்ல என்று நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தும் விட்டேன். அப்போதுதான் கருப்பாயி கண்ணில் பட்டாள். அவள் பால்வெட்டுவது காட்டை ஒட்டிய மரங்களில். புருஷன் போன பிறகு, இருட்டில் அவளுக்குத் துணையாகப் போவது ஒரு கறுப்பு நாய்தான். பன்றியோ புலியோ, அது முன்னால் நின்று குரைத்தால்தான் அவளுக்குத் தெரியும். அந்த நாய் மட்டும் என்னிடம் வரவில்லை, அவள் பாதத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. துரை அவளைப் பார்த்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அரிசிக்குப் பிடித்தது போக அவளுக்கு என்ன மிஞ்சியது என்று எனக்குத் தெரியும், கழித்தவனே நான்தானே.

"எந் நாய் இல்லீங்க தொரை," என்றாள். சொல்லிக்கொண்டே காலால் அதைத் தள்ளினாள். அது எழுந்து போய், திரும்பி வந்து, மறுபடியும் அதே காலில் உட்கார்ந்தது. அவள் கீழே பார்க்கவே இல்லை. பசியாறுவதற்கு உங்கள் தங்கை கட்டிக் கொடுத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, வறுத்த கருவாட்டுத் துண்டை நீட்டி, வா வா என்று கூப்பிட்டேன். வந்தது. இதுவும் என்னுடையதுதான் என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது சம்பள மேசையில் எனக்கு நானே மிச்சத்தை எண்ணிக் கொடுத்துக்கொள்கிறேன், எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பங்களா நாயின் வரியும் என் கணக்கில்தான் ஏறியிருக்கிறது; துரை மறந்துவிட்டார் என்று நம்ப முயன்று வருகிறேன். தீபாவளிச் சேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் உங்கள் தங்கை, "நாய்ங்களுக்கு எடுத்தாச்சா?" என்கிறாள். நான் எங்கே போனாலும் வில்லைகள் கிலுகிலுவென்று பின்னால் வருகின்றன. லயத்துப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத மாட்டேன். இங்கிலீஷ் படித்ததெல்லாம் இதற்குத்தானா என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. ராஜினாமாவை எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். எந்த நாளில் பஸ் ஏறலாம் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

தங்கள் வீட்டு அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நோய்நொடியின்றி, செல்லப் பிராணிகளுமின்றி, நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
சபாபதி

பின்குறிப்பு: மச்சான், எனக்கு வேலை தேட வேண்டாம். வரி ரசீதின் பின்பக்கத்தை இன்றுதான் படித்தேன். பெயருக்குரியவர் இடத்தைவிட்டுப் போனால் வில்லை செல்லாதாம். நான் பஸ் ஏறினால் அடுத்த சனிக்கிழமையே துப்பாக்கி வந்துவிடும். என்ன செய்வது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது கருப்பாயி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். கறுப்பு நாய் வில்லையோடு அவள் காலடியில் இருந்தது. "ஐயா, காலையில மரத்துக்குப் போறப்ப உங்க நாயைத் தொணைக்குக் கூட்டிட்டுப் போலாங்களா?" என்று கேட்டாள். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். கூட்டிக்கொண்டு போ, வரி என் பொறுப்பு, சோறு உன் பொறுப்பு என்று அவளிடம் சொன்னேன்.