ஒரே பத்திரத்தில் இரண்டு கை

மூன்றாவது தடவையாகப் பெரியவர் எழுதிய வரி காணாமல் போயிருந்தது.

“தம்பிதான் அழிச்சிருக்கான். அவன் கை எனக்குத் தெரியாதா?” என்று மத்தியஸ்தரிடம் போனில் கொதித்தார்.

மத்தியஸ்தர் போனை வைப்பதற்குள் சின்னவர் கூப்பிட்டார். “நான் போட்ட வரி எங்க? அண்ணன் முழுங்கிட்டாரா?”

யாரும் அழிக்கவில்லை. பெயிண்ட் கடையைப் பிரித்துக்கொள்ளும் பத்திரத்தை அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு போனில், ஒரே செயலியில் திருத்துகிறார்கள். பின்னால் சேமிப்பவரின் பக்கம், முன்னால் சேமித்ததை அப்படியே மூடிவிடுகிறது. அந்தச் செயலியை எழுதிய புரோகிராமர், மத்தியஸ்தரின் மேசைக்கு எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான்.

“ஆறு மணிக்குள்ள சரியாகலன்னா வேற ஆள் பாத்துக்கறேன்,” என்றார் மத்தியஸ்தர். “ரெண்டு பேரும் என் காதைப் பிய்க்கறாங்க.”

முதலில் பூட்டுப் போட்டான்: ஒருவர் திறந்திருந்தால் மற்றவர் தொட முடியாது. பெரியவர் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

“கல்லாவத்தான் பூட்டுவாரு, இப்ப பத்திரத்தையுமா?” என்றார் சின்னவர்.

பூட்டுக்கு இரண்டு நிமிடக் கெடு வைத்தான். பெரியவர் ஒற்றை விரலில் அடிப்பவர்.

“ஒரு வரி முடிக்கறதுக்குள்ள வெளிய தள்ளுதேப்பா. நான் என்ன வாடகைக்கா இருக்கேன்?”

மணி ஐந்தரை. பூட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சேமிப்புக்கும் ஓர் எண் கொடுத்தான். நீங்கள் திறந்தது ஏழாம் எண், அதற்குள் எட்டாகிவிட்டது என்றால் சேமிக்க விடாது. ‘மற்றவர் மாற்றியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு எழுதவும்’ என்று திருப்பி அனுப்பும்.

இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. அப்புறம் ஒரு அசைவும் இல்லை. சேமிப்பும் இல்லை, சண்டையும் இல்லை. திரையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்த்தான். கத்துகிற வாடிக்கையாளர் கடைக்குள்தான் நிற்பார். வாயை மூடியவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார்.

ஐந்து ஐம்பதுக்கு மத்தியஸ்தரின் போன் அடித்தது. கேட்டபடியே உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவருடைய குமாஸ்தா மட்டும் வெளியே வந்தார்.

“என் வேலை போச்சா, அண்ணே?”

“இல்ல சார். ஒருத்தர் விட்டுக்கொடுத்து எழுதினத இன்னொருத்தர் இன்னைக்குத்தான் படிச்சாங்களாம். கடையப் பிரிக்கவே வேணாம்னுட்டாங்க.”

“அப்புறம் ஏன் ஐயா வெளிய வரல?”

“ஒரு தடவை பேச உக்கார்றதுக்கு இவ்வளவு ஃபீஸ்னு ரெண்டு வருஷமா ஓடுன பஞ்சாயத்து சார், அந்தப் பழைய தப்பத் திரும்பப் போட முடியுமான்னு கேக்கச் சொன்னாரு.”