கூட ஆள் இருக்கிறது

பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறிய கணக்கு வாத்தியார், இறங்கும்போது கால் இடறித் தரைக்கு வந்துவிட்டார். கணுக்கால் பந்தாக வீங்கிவிட்டது. ஊன்றினால் உயிர் போனது. வேறு வழியில்லாமல் அவசர உதவி எண்ணை அழைத்தார்.

எடுத்த பெண் விலாசம், வலி, ரத்தம் என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு சார். கூட யாராவது இருக்காங்களா?"

போன தடவை வாத்தியார் வழுக்கி விழுந்தபோதே மகன் கறாராகச் சொல்லிவிட்டான்: "இன்னொரு வாட்டி தனியா விழுந்தீங்கன்னா, நேரா முதியோர் இல்லம்தான்ப்பா." இந்த வீட்டில் தனிமை பிடுங்கித் தின்றாலும், அது அவருடைய சொந்தத் தனிமை. அங்கே போய் நாற்பது பேரோடு தனியாக இருக்க அவர் தயாரில்லை.

"இருக்காளே. என் சம்சாரம்."

சம்சாரம் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் வாய்விட்டுச் சொன்னதும் மனசுக்கு இதமாக இருந்தது.

"நல்லது. போனை அவங்ககிட்ட குடுங்க."

"குளிக்கிறா."

"ஒரு குரல் கூப்பிடுங்க சார்."

"அடியே!" என்றார். வெகுநாளாக வாயில் வராத சொல்.

"பதிலே இல்லையே?"

"காது கொஞ்சம் மந்தம்."

"வயசானவங்க, பாத்ரூம், கூப்பிட்டா பதிலில்லை. விழுந்திருப்பாங்க சார். தீயணைப்பு வண்டியையும் அனுப்பறேன்."

"ஐயோ, வேணாம்மா! அவ நல்லாத்தான் இருக்கா!"

"நீங்க வேணாம்னாலும் அனுப்பியாகணும் சார். எங்க விதி அப்படி."

முப்பது வருடம் பிள்ளைகளின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தவருக்கு, சொந்தமாக ஒரு பொய்யைக் கட்டி மேய்க்கத் தெரியவில்லை. தெருமுனையில் சைரன் கேட்டது. காலிக் குளியலறையைப் பார்த்தால் மானம் போய்விடுமே! ஒற்றைக்காலில் நொண்டிப்போய், கதவின் உள்குமிழை அழுத்தி, வெளியே நின்றபடி இழுத்துச் சாத்தினார். பூட்டிக்கொண்டது. அப்படியே நொண்டிப்போய் வாசலைத் திறந்தார்.

திமுதிமுவென்று ஆட்கள் நுழைந்தார்கள். "அம்மா! கேக்குதாம்மா?" என்று குளியலறைக் கதவைத் தட்டினார்கள்.

"துணி மாத்திக்கிட்டிருப்பா" என்றார் வாத்தியார். அவருக்கே அது எடுபடவில்லை.

மூத்த தீயணைப்பு வீரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கடப்பாரையை வைத்து ஒரே நெம்பு. கதவு பெயர்ந்தது.

உள்ளே ஒரு வாளியும் ஒரு துண்டும் மட்டும் இருந்தன.

வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. "என் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

வீரர் கதவைத் தூக்கிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.

"விடுங்க சார். இந்தத் தெருவுலயே நாங்க உடைக்கிற நாலாவது பாத்ரூம் இது. எல்லா வீட்லயும் சம்சாரம் குளிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க."