கனவில் ஓடும் மேனேஜர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான், என் மனைவி, நீ புது வீட்டுக்குக் குடிபோகும்வரை எங்களிடம் விட்டுப்போன நாய் மேனேஜர், மூவரும் சுகம். முழங்கால்களைப் பற்றி மட்டும் கேட்காதே.

ஆனால் நீ அதைத்தான் கேட்டிருக்கிறாய். உன் புது வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, மேனேஜர் ஏறுவானென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று. அவசரப்படாதே அக்கா. நாய் டாக்டரிடம் போனோம். "எலும்புக்கு எலும்பு நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கும், வயசானா தேயும். மாத்திரை குடுத்துப் பாருங்க, ஆனா தேஞ்சதெல்லாம் திரும்ப முளைக்காது. முதல்ல எடையைக் குறைக்கணும்" என்றார். நான் வயிற்றை எக்கிக்கொண்டு, "சரிங்க டாக்டர்" என்றேன். "உங்களைச் சொல்லலைங்க" என்றார். அவர் பார்வை என்னவோ என்னைத்தான் சொல்லியது.

மாத்திரையை ரொட்டிக்குள் வைத்தால், ரொட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையைக் கழுவித் துடைத்த மாதிரி என் செருப்பில் வைத்துவிடுகிறான். முட்டைக்குள் வைத்தேன், முட்டை போயிற்று, செருப்பில் மாத்திரை. கடைசியில் என் மனைவி கையை நீட்டி, "சாப்பிடு கண்ணா" என்றாள், சாப்பிட்டுவிட்டான். கல்யாணமானதிலிருந்து எனக்கு அந்தக் குரல் கேட்டதில்லை. தரை வழுக்காமலிருக்க வீடு முழுக்கப் பழைய போர்வை விரித்திருக்கிறோம், மேகத்தின்மேல் குடித்தனம் நடத்துகிற மாதிரி இருக்கிறது. மத்தியானத்தில் திரைச்சீலை அசையும், வெளிச்சம் மெல்ல நகரும், அந்த மேகத்தின் நடுவே மேனேஜர் படுத்தபடியே நாலு காலாலும் ஓடுவான். "கனவுல என்னமா ஓடறான் பாருங்க, மாத்திரை கனவு வரைக்கும் போயிடுச்சு" என்பாள் இவள். பார்த்துக்கொண்டிருந்த நானும் ஒருநாள் கண்ணயர்ந்து, அவன் பின்னாலேயே ஏதோ புல்வெளியில் ஓடினேன் அக்கா, வலியே இல்லை. கண் விழித்தால் டீ போர்வையில், டம்ளர் மேஜைக்கடியில், என் கால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "ரெண்டுல எதுக்குங்க வைத்தியம் பாக்கறது?" என்றாள்.

ஆகவே, கனவில் ஓடுகிறவன் நனவில் ஒரு படிகூட ஏறமாட்டான். இங்கேயே இருக்கட்டும். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. நீ மூத்தவள், உன் ஆசியை எங்கள் முழங்கால்களுக்கு அனுப்பு.

உன் தம்பி

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டுப் பார்த்தால் மேனேஜரைக் காணோம். கட்டிலடி, குளியலறை எல்லாம் தேடியாயிற்று. "ஏங்க, மேல வாங்க!" என்று மொட்டைமாடியிலிருந்து இவள் குரல். நான் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு ஏறி முடிப்பதற்குள், அவன் இரண்டு தடவை இறங்கி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனான். காய்கிற துணிகளுக்கு நடுவே வாலாட்டிக்கொண்டு நிற்கிறான், இப்போது விழித்துக்கொண்டுதான். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போ. ஒன்றே ஒன்று: உன் வீட்டுப் படி திரும்புகிற இடங்களில் எல்லாம் ஒரு நாற்காலி போட்டு வை. அவனுக்கில்லை. அவனைப் பார்க்க நான் வர வேண்டுமே.