ஐஸ் கட்டியின் அற்புதம்

நடக்க முடியாதவர் நடக்கிறார்! கை நடுக்கம் பறக்கிறது! அசுன்சியோன் நகரத்தின் ஓரத்தில், புனித நீரால் வியாதி தீர்க்கும் டான், அதாவது ஐயா, எபிஃபானியோவின் கொட்டகைக்கு முன் இருநூறு பேர் நின்றோம். எங்கள் ஊரில் ஜனவரிதான் கோடை; வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. 'நின்றோம்' என்றேனே, கவனித்தீர்களா? ஆம், அந்த அறிவாளிகளில் நானும் ஒருவன். தம்பி நிக்கானோரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனவன்.

தம்பிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பின் காவல்படையே நரம்பின் உறையைத் தின்னும் வியாதி. வேலியே பயிரை மேய்கிற கதை. இப்போது புது மருந்து வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் அந்தப் படை அடங்கிக் கிடக்கும். போனதை மீட்காது, இருப்பதைக் காக்கும். திங்கட்கிழமை தம்பியின் முறை.

"திங்கக்கிழம போகாதப்பா. அந்த மருந்தும் என் புனிதத் தண்ணியும் ஒரே ஒடம்புல தங்காது. உனக்கு வந்தது வியாதியே இல்ல, செய்வினை!" என்றார் எபிஃபானியோ.

தம்பி புனித நீர்த் தொட்டியில் இருபது நிமிடம் உட்கார்ந்தான். எழுந்தான். கைத்தடியோடு ஐந்து படி ஏறினான்! நான் அழுதேவிட்டேன். எபிஃபானியோ எல்லோருக்கும் தெரெரே நீட்டினார். ஐஸ் தண்ணீர் ஊற்றிய இலைச்சாறு; ஒரே குவளை, ஒரே குழல், ஊரே உறிஞ்சும். குவளையைத் திருப்பும்போது 'கிராசியாஸ்', அதாவது நன்றி, என்று சொன்னால் எங்கள் ஊரில் 'போதும், இனி வேண்டாம்' என்று பொருள். அன்று ஒருவரும் சொல்லவில்லை. அற்புதம் போதும் என்று யார் சொல்வார்?

அரை மணி வெயிலில் தம்பியின் கால் மறுபடி துவண்டது.

"விசுவாசம் கொறஞ்சிருச்சு" என்றார் எபிஃபானியோ.

"விசுவாசம் இல்ல சாமி, ஐஸ் கொறஞ்சிருச்சு!" பின்னாலிருந்து ஒரு குரல். வரிசையில் நின்ற சுனில்டா. அவளுக்கும் இதே வியாதி, கையில் தடி. "எங்களுக்குச் சூடு ஏறினா கால் எறங்கும். குளுந்தா கொஞ்ச நேரம் எழும்பும். காலையில உங்க பின்வாசல்ல ஐஸ் வண்டி நின்னத நான் பாத்தேனே! அண்ணே, நானும் ஒருதடவ இப்படி ஒருத்தர நம்பி மருந்த விட்டேன். வியாதி முத்தி ஒரு கண்ணு போச்சு."

அவள் எபிஃபானியோ பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு தொட்டி வைங்க. உங்க தண்ணி ஐஸ் இல்லாம. குழாய்த்தண்ணி ஐஸ் போட்டு."

"செய்யுங்க!" என்றது கூட்டம். இலவச வேடிக்கையை எந்த ஊர் விட்டிருக்கிறது?

வெதுவெதுப்பான புனித நீருக்கு எபிஃபானியோ மூன்று முறை ஜெபித்தார். தம்பி இருபது நிமிடம் ஊறினான். கால் அசையவில்லை. பிறகு ஐஸ் போட்ட குழாய்த்தண்ணீர். ஜெபமில்லை, மந்திரமில்லை. எழுந்தான், ஐந்து படி ஏறினான், ஆறாவது படியிலும் கால் வைத்தான்.

எபிஃபானியோ வேர்த்து வழிந்தபடி குவளையை நீட்டினார். "குடிப்பா, களைச்சிருப்ப."

தம்பி ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிவிட்டுக் குவளையைத் திருப்பினான். "கிராசியாஸ், டான் எபிஃபானியோ."

பிறகு வரிசையிலிருந்து ஒவ்வொருவராக: "கிராசியாஸ்." "கிராசியாஸ்."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு நாற்காலியைத் தள்ளிப் போனேன். மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. தம்பியின் நரம்பை வியாதி தின்றது, அவன் என்ன செய்வான்? நானோ நன்றாக இருந்த மூளையைக் கழற்றிக் கொட்டகை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போனவன். அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து ஏற்றமாட்டார்கள், நாமேதான் எடுத்துத் திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டும்.