அருள்தாஸ் அண்ணனுக்காக நான் செய்த ஜெபம்

நான் ஒரு முட்டாள். தாழ்மைக்காகச் சொல்லவில்லை, சாட்சிகள் இருக்கிறார்கள்.

பிறவியிலேயே எனக்கு வாய்த்தது வாய் ஒன்றுதான். ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில், நான் பேச ஆரம்பித்தால் தோல் வெட்டுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். துக்க வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் காபி டம்ளரைக் கீழே வைப்பேன்.

ஒரு ஞாயிறு, எங்கள் போதகர் பிரசங்கத்தில், "கடவுள் பொறக்கும்போதே குடுத்ததுல உனக்கு என்ன பெருமை? அதுக்கு மேல நீ என்ன வளர்ந்த?" என்று கேட்டார். சபை முழுவதையும் பார்த்துத்தான் கேட்டார். நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். இனி நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் ஆழமான மனிதனாக வளர்வது என்று முடிவாயிற்று.

வளர்வதற்கு வசதியாக, எங்கள் சூப்பர்வைசர் அருள்தாஸ் அண்ணன் குடலிறக்க ஆபரேஷனுக்காக வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஊசி என்றாலே ஓடுகிறவர். வலியோடு இரண்டு வருஷம் டிமிக்கி கொடுத்தவரை, அவர் மனைவி எஸ்தர் அக்கா அழுது, சண்டை போட்டு, பட்டினி கிடந்து அட்மிட் செய்திருந்தார். மறுநாள் காலை ஆபரேஷன்.

சிரிக்காமல் இருக்கக் கண்ணாடி முன் நின்று பழகினேன். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட். (சாவு வீட்டுக்கும் இப்படித்தான் போவோம் என்று அப்போது யோசிக்கவில்லை.)

"வாடா! இன்னா, வெறுங்கையோட வந்துகீற?" என்றார் அண்ணன்.

நான் சிரிக்கவில்லை. அவர் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முகத்தில் சிரிப்பு கம்மியானது. "இன்னாடா ஆச்சு உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே."

('எனக்கு' என்பதில் கொஞ்சம் அழுத்தம் விழுந்துவிட்டது.)

எஸ்தர் அக்கா எழுந்து நின்றார். "தம்பி, வெளிய டாக்டர்கிட்ட பேசினு இருந்தியே, இன்னா சொன்னாரு?"

லிஃப்ட் எங்கே என்று கேட்டிருந்தேன். ஆனால் ஆழமான மனிதர்கள் லிஃப்டைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்று தோன்றியது. "அதெல்லாம் இப்ப எதுக்குக்கா? ஜெபிப்போம்" என்றேன்.

முதலில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொன்னேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்; அடக்க ஆராதனைகளில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனது. ஜெபமும் அங்கேயே கற்றதுதான். "ஆண்டவரே, இந்தக் குடும்பத்தைத் தேற்றும். பிள்ளைகளுக்கு நீரே தகப்பனாயிரும்..."

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். "நான் உயிரோட கீறனேடா?"

"எல்லாம் உம்முடைய சித்தம்" என்று முடித்தேன்.

"ஆமென்" வரவில்லை. "எஸ்தரு, என் பேன்ட்ட எடு" என்றார்.

அக்கா அழ, அண்ணன் கட்டிலை விட்டு இறங்க, நர்ஸ் ஓடிவர, நான் பதறிப்போய் பழைய வாய்க்கே திரும்பினேன். "அண்ணே, உங்க தோலுக்கு ஊசிதான் உடையும். டாக்டர்தான் பயப்படணும்!"

"பாரு எஸ்தரு, சிரிக்க வெச்சு மேல அனுப்பப் பாக்குறான்."

பிறவித் திறமையும் போயிற்று, வளர்ச்சியும் போயிற்று. மிச்சம் இருந்தது உண்மை மட்டும். "அண்ணே, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. டாக்டர்கிட்ட கேட்டது லிஃப்ட் எங்கன்னுதான். நல்ல மனுஷனா ஆகலாம்னு வந்தேன். இந்த மூஞ்சிய கண்ணாடியில பாத்துப் பழகினேன்."

"எந்த மூஞ்சி? காட்டு."

காட்டினேன். அக்காதான் முதலில் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் படுத்துவிட்டார். பிரஷர் ஜாஸ்தியாகி ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போனது. அதுவரை பேன்ட்டை அக்கா தன் பையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை.

போதகர் சொன்னது என்னவோ சரிதான். இன்றும் சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். என் மூஞ்சி எப்படி இருக்கிறது என்பதை மறந்து, படுத்திருப்பவர் முகத்தைப் பார்த்து உட்காரவே எனக்கு வருஷங்கள் ஆயின. கடவுள் கொடுக்காமல் விட்டதைத் தினமும் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் வீட்டில் பிள்ளைகள் யாராவது உம்மென்று இருந்தால், "இன்னா, ஜெபம் பண்ணப் போறியா?" என்று இன்றும் கேட்கிறார்கள்.

போன மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன். போன் செய்து, "அண்ணே, ஜெபிக்க வரட்டுமா?" என்றேன்.

"முடிஞ்சப்புறம் வா."