எல்லோருக்கும் ஒரே இரண்டு சீட்டு

சூதாடித் தோற்றவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஒரு சதம்கூடப் பந்தயம் கட்டாமல், மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று சீட்டுப் போட்டே மானத்தைத் தொலைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இப்போது மருந்தகத்தில் வெள்ளை அங்கியோடு என்னைப் பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. (நம்பாமலிருப்பது நல்லது. இருமல் மருந்தை என் கையால்தானே வாங்க வேண்டும்.)

இலங்கையில், வன்னியில் போர் முடிந்த ஆண்டு அது. நான் கோப்பன்ஹேகனில் மருந்தியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் டென்மார்க்கின் மறுபக்கம், இக்காஸ்ட் என்ற சிறு ஊரில். அப்பா துணித் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஆனால் அங்குள்ள தமிழருக்கு அவர் எங்கள் பெந்தெகொஸ்தே சபையின் மூப்பர். லொத்தர் சீட்டு வாங்குவதே பாவம் என்று மேடையில் நின்று சொல்லுகிற மனிதர்.

அவருடைய மகள் ஒரு விளம்பரத்தைப் பார்த்தாள். நல்ல டேனிஷ் பேச வேண்டும், கமராவுக்கு முன்னால் கூச்சப்படக் கூடாது, சிரித்த முகம் வேண்டும். ஏதோ பாத்திரம் விற்கிற தொலைக்காட்சி என்று நினைத்துப் போனேன். இணையத்தில் நேரலையாக பிளாக்ஜாக் என்ற சீட்டுச் சூது நடத்துகிற இடம் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அறை வாடகை நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"ஒரு ஸ்டூடியோவில வேலை கிடைச்சிருக்கு அப்பா."

"என்ன ஸ்டூடியோ?"

"நேரலை. இன்டர்நெட்டில போகும்."

"செய்தியோ பிள்ளை?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "அது மாதிரித்தான்" என்றேன்.

அடுத்த ஞாயிறு சபையில் எனக்காக விசேஷ ஜெபம் நடந்ததாம். ஊடகத்துறையில் கர்த்தர் என்னை உயர்த்த வேண்டுமென்று.

அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளாக்ஜாக்கில் சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குக் கிட்டப் போக வேண்டும். சீட்டுப் போடுகிறவளைவிட அதிகம் எடுத்தால் வெற்றி. வழக்கமான மேசையில் ஏழு நாற்காலிகள், ஏழு பேருக்கும் தனித்தனிச் சீட்டு. எங்கள் நிறுவனம் பரீட்சித்துப் பார்த்த வகையில் நாற்காலியே கிடையாது. நான் இரண்டே இரண்டு சீட்டை மேசையில் வைப்பேன். எத்தனை நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த இரண்டும்தான் எல்லோருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தன் வீட்டில் இருந்தபடி தானே முடிவு செய்வார்: இன்னொரு சீட்டு எடுப்பதா, இருப்பதோடு நிற்பதா. எடுக்கிறவர்களுக்காக நான் அடுத்த சீட்டைத் திறப்பேன். அதுவும் அவர்கள் எல்லோருக்கும் பொது. நிற்கிறவர்கள் முதல் இரண்டோடு காத்திருப்பார்கள். ஒரே சீட்டில் தொடங்கி ஒருவர் வெல்வார், பக்கத்து வீட்டுக்காரர் தோற்பார். வேடிக்கையான விளையாட்டு. சீட்டுப் போடுகிறவளுக்கு மட்டும் ஒரு ஆபத்து உண்டு. வழக்கமான மேசையில் நான் பிழைவிட்டால் ஏழு பேர் கத்துவார்கள். இங்கே நான் பிழைவிட்டால் எல்லோரும் கத்துவார்கள்.

விளையாடுகிறவர்கள் எனக்கு எழுதலாம். அவர்களின் பந்தயமும், எடுத்தார்களா நின்றார்களா என்பதும், எழுத்தும் என் முன்னாலுள்ள திரையில் வரும். எழுத்தைச் சத்தமாக வாசித்து, சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் ஹென்ரிக் என் காதுக்குள் இருந்த சின்னக் கருவி வழியாக ஓயாமல் சொல்லுவது இரண்டு விஷயம்: வாசி, சிரி.

எழுதுகிறவர்களில் ஒருவருடைய பெயர் Job. டேனிஷில் அதற்கு வேலை என்று அர்த்தம். யாரோ வேலையில்லாத மனிதர், ஆசையில் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார் என்று நாங்கள் முடிவு செய்தோம். மற்றவர்கள் "ஹை" என்று எழுதும்போது இவர் மட்டும் மரியாதையாக "கு டே" என்று முழு வணக்கம் எழுதுவார். எப்போதும் ஆகக் குறைந்த பந்தயம். சீட்டு எடுக்கவே மாட்டார். மூன்றும் இரண்டும் வந்து கூட்டினால் ஐந்து என்றாலும், நிற்பார். எந்தச் சீட்டு வந்தாலும் இருபத்தொன்றைத் தாண்டாது; உலகத்தில் எந்தச் சூதாடியும் ஐந்தில் நிற்க மாட்டான்.

"உன்ர கிழவர் வந்திட்டார்" என்ற அர்த்தத்தில் என்னோடு வேலைசெய்த மெட்ட என்ற பெண் கண்ணைக் காட்டுவாள்.

அவர் எழுதுவதும் விசித்திரம். "நீ களைத்துப்போயிருக்கிறாய்." "தண்ணீர் குடி." ஒரு நாள், "சாப்பிட்டாயா?" நான் சிரித்துக்கொண்டு வாசித்து, சிரித்துக்கொண்டு பதில் சொன்னேன். மனைவியை இழந்து ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊர்ப் பக்கம் தனியாக வாழ்கிற ஒரு பாவப்பட்ட டேனிஷ் முதியவரை மனதில் வரைந்து, அவருக்காக இரக்கப்பட்டும் வைத்தேன். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற டேனிஷ்காரர் இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நல்ல புள்ளிகள் வாங்கிக்கொண்டிருந்த பெண் நான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஜெயா மாமியைப் பற்றித் தகவல் எதுவும் இல்லை. அப்பாவுக்கு ஒரே தங்கை. கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வன்னிக்குள் இருந்தா. தை மாதம் ஒரு தடவை கதைத்தா. "இடம் மாறிக்கொண்டிருக்கிறம் அண்ணை" என்று சொல்லும்போதே தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு அப்பா வேலைவிட்டு வந்ததும் கணினிக்கு முன்னால்தான். இணையத்தில் வருகிற படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, முகம் தேடுவார். வைகாசியில் போர் முடிந்தது என்றார்கள். அன்றைக்குக் காலையில் நகரசபைச் சதுக்கத்தில் மற்றத் தமிழரோடு பதாகை பிடித்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் ஸ்டூடியோவில் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு நின்றேன். "சிரி" என்றார் ஹென்ரிக். சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்குவதில்லை.

கோடை வந்தது. ஒரு பின்னேரம். தொலைபேசி வழக்கம்போல வெளியே பெட்டிக்குள் பூட்டியிருந்தது. நான் இரண்டு சீட்டு வைத்தேன்: பத்து, ஆறு. பதினாறு. எடுத்தால் தாண்டிவிடும், நின்றால் போதாது, ஒருவருக்கும் பிடிக்காத எண். என் பக்கத்தில் திறந்திருந்தது ராஜா. அடுத்தது கவிழ்ந்திருந்தது. எல்லோரும் முடிவு செய்கிற நேரம். நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திரையில் Job எழுதினார். வாய் பழக்கத்தில் வாசிக்கத் தொடங்கியது.

"எங்கள் Job எழுதுகிறார்" என்று டேனிஷில் சொன்னேன். "பிள்ளை, நான் அப்பா. ஜெயா மாமி உயிரோட இருக்கிறா. வவுனியா முகாமில."

வாசித்து முடித்த பிறகுதான் நான் வாசித்தது தமிழ் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அர்த்தம் வந்தது. அதற்கு முன்பே என் கை போய், திறக்கக் கூடாத சீட்டைத் திறந்துவிட்டது.

"அப்பா?" என்றேன் கமராவைப் பார்த்து. "ஆர் சொன்னது? பிள்ளையள்?"

"என்ன மொழி அது?" என்றார் ஹென்ரிக் காதுக்குள். "ஏன் சீட்டைத் திறந்தாய்? சிரி."

திரையில் டேனிஷ் எழுத்துகளில் தமிழ் மெல்ல மெல்ல வந்தது. அப்பா ஒற்றை விரலால் தட்டுகிறவர். "மூண்டு பேரும். ஒராள் கண்டு கதைச்சவர்."

"மாமா?"

 திரையில் வந்தது: "அது பிறகு கதைப்பம்."

நான் அழத் தொடங்கினேன். நாகரிகமாக இல்லை. மூக்கால் வடிய, தோள் குலுங்க, கண்மை கன்னத்தில் ஓட, நல்ல வெளிச்சத்தில், மூன்று கமராக்களுக்கு முன்னால். திரையில் மற்றவர்கள் எழுதினார்கள். அவளுக்கு என்ன? யாராவது இறந்துவிட்டார்களா? நான் எடுப்பதா நிற்பதா? (இந்தக் கடைசிக் கேள்வி பலமுறை வந்தது.)

"என்ர மாமி போரில காணாமல் போனவ, உயிரோட இருக்கிறா" என்பதை டேனிஷில் சொன்னேன்.

 பிறகு ஒருவர் "டில்லூக்க" என்று எழுதினார், வாழ்த்துகள் என்று. இன்னொருவர் எழுதினார். பிறகு அந்தச் சொல்லே வரிசையாகக் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரே ஒருவர் மட்டும், மாமிக்கு வாழ்த்துகள், ஆனால் என் பந்தயம் என்ன ஆகும் என்று கேட்டார். அவரைப் பிழை சொல்ல முடியாது.

ஹென்ரிக் ஆட்டத்தை ரத்துச் செய்தார். எல்லோருக்கும் ஒரே சீட்டு என்பதால் எல்லோருடைய ஆட்டமும் போனது. மேசையை விட்டுப் போகிறவள் எதையும் ஒளிக்கவில்லை என்று காட்ட, இரண்டு கைகளையும் விரித்துக் கமராவுக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அந்த நிலையிலும் அதைச் செய்தேன். ஒரு பக்கம், மறு பக்கம். உள்ளங்கை முழுக்கக் கண்மை.

வெளியே ஓடித் தொலைபேசியை எடுத்தேன். அப்பா முதல் மணியிலேயே எடுத்தார்.  மாமாவைப் பற்றிச் சொன்னார். கடைசி நாட்களில், செல் குண்டு விழுந்து. பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் விட்டிட்டுத் தண்ணிக்குப் போனவராம். 

பிறகு நான் கேட்டேன். "அப்பா, நீங்கள்தான் அந்த Job ஓ?"

"போன் எத்தினை தரம் அடிச்சனான். நீ எடுக்கேல்லை. வேற என்ன செய்ய?"

"அது இண்டைக்கு. மற்ற நாளெல்லாம்?"

"அது யோபு" என்றார். பைபிளில் எல்லாவற்றையும் இழந்தும் பொறுத்திருந்த மனிதர். "டேனிஷ் பைபிளில அப்பிடித்தான் எழுதுறது. பேர் கேட்டுது, வேற ஒண்டும் வாயில வரேல்லை."

சபையில் ஒரு பையன் என்னை இணையத்தில் கண்டு அவரிடம் மட்டும் இரகசியமாகச் சொல்லியிருக்கிறான். திட்டுவதற்காகத்தான் அப்பா முதல்நாள் உள்ளே வந்தாராம். திரையில் என் முகத்தைக் கண்டதும் திட்ட வாய் வரவில்லையாம். படங்களில் தேடித் தேடி ஒரு முகமும் கிடைக்காத நாட்கள் அவை. இந்த ஒரு முகமாவது தேடின நேரத்தில் கிடைத்தது, என்றார். பந்தயம் கட்டாதவர்களை அந்தத் தளம் கொஞ்ச நேரத்தில் வெளியே தள்ளிவிடும். ஆகவே கட்டினார்.

"மூப்பர் சூதாடலாமோ அப்பா?"

"நான் எங்க ஆடினனான்?" குரலில் உண்மையான கோபம். "ஒரு சீட்டு எண்டாலும் எடுத்தனானோ? வைச்சதோட நிண்டன். எடுத்தால்தான் சூது."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அஞ்சில நிக்கிற மனுசன். எடுங்கோ எடுங்கோ எண்டு பக்கத்தில இருந்து எத்தினை நாள் சொன்னனான். கேட்டால்தானே."

அம்மாவும் பார்த்திருக்கிறா. அம்மாவுக்கு விளையாட்டு என்னைவிட நன்றாக விளங்கியும் இருக்கிறது.

வேலை போனது. ஹென்ரிக் மிகவும் சங்கடப்பட்டு, மேலிடத்து முடிவு என்று சொன்னார். அடுத்த நாள் உடுப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மேசையில் குட்டி டேனிஷ் கொடிகள் குத்திய கேக் ஒன்று இருந்தது. இந்த நாட்டில் எதற்கும் கொடி குத்திய கேக் உண்டு. வேலை போனதற்கா, மாமி கிடைத்ததற்கா என்று மெட்டவைக் கேட்டேன்.

"இரண்டு கேக் வாங்க ஹென்ரிக் விடவில்லை" என்றாள்.

சபைக்கு அப்பா சொன்னது: மகள் ஊடகத்துறையை விட்டுவிட்டாள், படிப்பு முக்கியம். பொய்யில்லை. அப்படியே எல்லாம் அமுங்கிப்போயிருக்கும். ஆனால் சில வருடங்கள் கழித்து, ஜெயா மாமி விசா கிடைத்து எங்களைப் பார்க்க வந்தா. ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல எழுந்தா. முகாமையும் மாமாவையும் பற்றிச் சொன்னபோது எல்லோரும் அழுதார்கள். பிறகு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கர்த்தர் தன்னை எப்படி நினைத்தருளினார் என்பதற்கு அத்தாட்சியாக, தான் உயிரோடிருக்கிற செய்தி டென்மார்க்கில் முதன்முதல் எந்த மேசையில், யாருடைய வாயால், யார் எழுதி வாசிக்கப்பட்டது என்பதையும் ஒன்றும் விடாமல் சொன்னா. அப்பா முன்வரிசையில் இருந்தார். பைபிளைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். போதகர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "பாட்டுப் பாடுவம்" என்றார்.

மாமி இப்போதும் நத்தார் பண்டிகைக்கு ஊரிலிருந்து தொலைபேசியில் அந்தக் கதையைச் சொல்லுவா. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் வாழ்த்துச் சொன்னவர்களின் தொகை கூடிக்கொண்டே போகிறது. போன வருடம் முழு டென்மார்க்கும் வேலையை நிறுத்திவிட்டு மாமிக்கு வாழ்த்துச் சொன்னது.

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "முழு டென்மார்க்கும் இல்லை ஜெயா. கொஞ்சப் பேர்தான். நான் பாத்தனான்."

"நீங்கள் பேசாமல் இருங்கோ அண்ணை" என்றா மாமி. "நீங்கள் அந்த இடத்தில நிண்டிருக்கவே கூடாத ஆள்."